துளசிமணி சொல்லச் சொல்ல வந்த குளவிகள்

கெண்டைமேட்டுத் தென்னந்தோப்புகள் எல்லாம் அடுப்புக்கரி பூசினதுபோலக் கறுத்துப்போன வருஷத்தில், ஆறுச்சாமியின் மனைவி துளசிமணி, செத்துப்போன தன் மகளைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால் உள்ளேயிருந்து குளவிகள் பறந்து வந்தன. பெரிய குளவிகள் இல்லை. ஒரு கடுகைப் பத்தாக உடைத்தால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் ஒவ்வொன்றும். கொட்டத் தெரியாது, சத்தம் போடத் தெரியாது, வெயிலுக்கு எதிராக நின்று பார்த்தால் மட்டும் தூசிபோல மினுங்கும். ஊரில் யாரும் அதைக் கண்டு ஓடவும் இல்லை, கோவிலுக்குக் கூட்டிப்போகச் சொல்லவும் இல்லை. தோப்பு பிழைத்தால் போதும், எது எங்கிருந்து வந்தாலும் சரி என்கிற நிலைமையில்தான் ஊர் இருந்தது.

குளவிக்கு முன்னால் வந்தது வெள்ளை ஈ. கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஏதோ ஒரு செடியின் இலைக்கடியில் ஒட்டிக்கொண்டு வந்தது என்றார்கள். வந்தது தென்னை ஓலையின் அடிப்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகச் சுருள் கோலம் போட்டு முட்டை வைத்தது, குஞ்சு பொரித்தது, சாற்றைக் குடித்தது, குடித்ததைப் பிசினாகக் கழித்தது. அந்தப் பிசின் கீழ் ஓலையில் சொட்ட, சொட்டின இடத்தில் கரும்பூசணம் படர, மட்டையும் பாளையும் குரும்பையும் கறுத்தன. மரத்தடியில் கட்டின மாடும் கொடியில் காய்ந்த வேட்டியும் பிசுபிசுத்தன. நல்ல காய் காய்த்த மரத்தில் பாதிக் காய்கூட நிற்கவில்லை. மருந்து அடித்தார்கள், ஈ அடுத்த தோப்புக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. மைதாக் கஞ்சி காய்ச்சிப் பீய்ச்சினார்கள், பூசணம் மட்டும் தோல்போல உரிந்து விழுந்தது. மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்துக்கு மரம் கட்டினார்கள், ஊரே ஏதோ திருவிழாவுக்குத் தோரணம் கட்டினதுபோல இருந்ததே தவிர ஈ குறையவில்லை. காய் இல்லாததால் நார் மில்லும் வாரத்தில் மூன்று நாள் மூடிக் கிடந்தது.

துளசிமணிக்கு அந்த மில்லின் களத்தில் நார் உலர்த்துகிற வேலை. ஆறுச்சாமி மரமேறி, சுற்றுவட்டத்தில் அவரைப்போல வேகமாக ஏறி இறங்க ஆள் கிடையாது. அவர்களுக்கு ஒரே பெண், பவதாரணி, பத்தொன்பது வயது, கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தவள், ஐப்பசி மாதத்தில் டெங்குக் காய்ச்சல் வந்து ஆறே நாளில் போய்விட்டாள். அன்றைக்கு விட்டதுதான், ஆறுச்சாமி அப்புறம் மரம் ஏறவில்லை. யார் தோப்பிலாவது குழாயைப் பிடித்து ஓலைக்குத் தண்ணீர் பீய்ச்சுவார், வீட்டுக்கு வந்து சாப்பிடுவார், சுவரைப் பார்த்துப் படுப்பார். மகள் பெயரை அவர் வாயிலிருந்து ஒருவரும் கேட்கவில்லை.

துளசிமணி நேர்மாறாக இருந்தாள். ரேஷன் கடை வரிசையில் மகளைப் பற்றிப் பேசினாள், தண்ணீர்க் குழாயடியில் பேசினாள், களத்தில் நாரைப் புரட்டிக்கொண்டே பேசினாள். முதல் மாதம் எல்லோரும் கேட்டுக் கூடவே அழுதார்கள். இரண்டாம் மாதம் கேட்டார்கள். மூன்றாம் மாதம் அவள் குடத்தோடு வருவதைப் பார்த்தால் பாதிக் குடம் நிறைந்தபோதே தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பக்கத்து வீட்டு ரத்தினாக்காதான் வாய்விட்டுச் சொன்னாள்.

“உடு துளசி. அதையே பேசிப் பேசி ஆவப்போறது என்ன? கேக்கறவங்களுக்கும் நெஞ்சு வலிக்குமில்ல?”

அன்றோடு துளசிமணி வாயை மூடிக்கொண்டாள். தை முழுக்க மூடியிருந்தாள்.

மாசி மாதம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஹெப்சிபா என்று ஒரு டாக்டரம்மா வந்தார். ஆளுக்கு ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பூச்சியைப் படித்த டாக்டர். தெய்வசிகாமணி என்பவரின் தோப்புதான் ஊரிலேயே பெரியது, மேற்கே காற்று வருகிற வாயில் இருந்தது. டாக்டரம்மா அங்கே எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். இந்த ஈயைத் தின்ன ஒரு குளவி இருக்கிறது, அது ஈயின் குஞ்சுக்குள்ளே முட்டை வைக்கும், உள்ளேயே புழு வளர்ந்து குஞ்சைத் தின்றுவிடும், வெள்ளைக் குஞ்சு கறுப்பாகும், அதன் முதுகில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். நீங்கள் அடித்த மருந்தில் ஈ சாகவில்லை, அந்தக் குளவிதான் செத்தது. இனி மருந்து அடிக்காதீர்கள்.

கையில் கொஞ்சம்தான் கொண்டுவந்திருந்தார். குளவி அடைந்த ஓலைத் துணுக்குகள், ஒரு காகிதக் கப் நிறைய. அதைக் கீழ் ஓலைகளில் பின் அடித்துக் கோக்கிற வேலைக்குத் துளசிமணி கூட நின்றாள். டாக்டரம்மாவுக்கு ஊர்க்கதை தெரியாது. வேலை செய்துகொண்டே எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார்.

“உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?”

“ஒண்ணுதானுங்க. பவதாரணி. மொதப் பல்லு விழுந்தப்போ கூரை மேல வீசுடி, அப்பத்தான் வேற மொளைக்கும்ன்னு சொன்னேனுங்க. மாட்டேன்னுட்டா. மூணு நாள் அதைக் கையிலயே பொத்தி வெச்சிருந்தா. பள்ளிக்கூடத்துலயும் அப்படியே உக்காந்து, எடது கையில எழுதிட்டு வந்தாளுங்க.”

சொல்லி முடிப்பதற்குள் அவள் உதட்டோரத்திலிருந்து தூசிபோல ஒன்று கிளம்பியது, பின்னால் நாலைந்து, பின்னால் ஒரு பிடி. ஹெப்சிபா காலியான காகிதக் கப்பை எடுத்து அவள் மோவாய்க்குக் கீழே பிடித்தார், மெல்லிய துணியால் மூடினார், கழுத்தில் தொங்கின பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“இதேதாம்மா. நான் கொண்டு வந்த அதே ஜாதி. அதைவிட நல்லா இருக்கு” என்றார். “இன்னும் கொஞ்சம் சொல்லுங்க.”

நோட்டில் தேதி எழுதினார், ஊர் எழுதினார், எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கிற கட்டத்தில் ‘தாய்’ என்று எழுதினார்.

இருபது நாளில், அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்ததை விட்ட நாலு மரத்தில் மட்டும் வெள்ளைக் குஞ்சுகள் மிளகுபோலக் கறுத்தன. அதைப் பார்த்த பிறகு ஊர் சும்மா இருக்கவில்லை. பால் சொசைட்டிச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள், எந்தக் கிழமை எந்தத் தோப்பு என்று. திங்கள் இவர், செவ்வாய் அவர். துளசிமணியை அழைத்துப்போக வண்டி வந்தது. மரத்தடியில் பாய் விரித்து, காபி கொடுத்து, விசிறி கொடுத்து, எதிரே உட்கார்ந்து, “சொல்லு அம்மிணி” என்றார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடின அதே பெண்கள்தான்.

குளவிகளுக்கென்று சில வழக்கம் இருந்தது, அது போகப்போகத்தான் புரிந்தது. ஒருமுறை சொன்னதை மறுமுறை சொன்னால் வராது. எதிரே இருப்பவர் காது கொடுக்காமல் போனை நோண்டிக்கொண்டிருந்தால் வராது. அதனால் வயிற்றுப் பிழைப்புக்காகவாவது ஊர் கேட்கக் கற்றுக்கொண்டது. கேட்கக் கேட்க உண்மையாகவே கேட்டது. பவதாரணி உயிரோடு இருந்தபோது அவளை மரமேறி மகள் என்று மட்டும் தெரிந்தவர்களுக்கு இப்போது அவளுக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று தெரியும், இடி இடித்தால் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் உட்காருவாள் என்று தெரியும், பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப்போய் அதை ஒன்பது நாள் மறைத்து வைத்தாள் என்றும் தெரியும். தோப்புகளின் பெயரே மாறிவிட்டது. பல்லுத் தோப்பு, இடித் தோப்பு, கணக்குத் தோப்பு. “எங்க தோப்புக்குக் கத்தரிக்காக் கதைதானுங்க வந்துச்சு, ஓடைத் தோப்புக்காரங்களுக்குப் பாருங்க, காது குத்தின கதை முழுசா வந்திருக்கு” என்று மனஸ்தாபப்பட்டவர்கள்கூட உண்டு. வேறு ஊரிலிருந்தும் வண்டி வைத்துக்கொண்டு வந்தார்கள். பெண்டாட்டியை இழந்த ஒருத்தர், எனக்கும் வருமா பார்க்கிறேன் என்று தோப்பில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசினார், ஒன்றும் வரவில்லை; ஆனாலும் கேட்க வந்தவர்கள் எழுந்திருக்கவில்லை, கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

துளசிமணிக்கு அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. மகள் தினமும் ஒரு தோப்பில் இருந்தாள். அழுகிறபோது கூட அழ ஆள் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து, “இன்னைக்கி சைக்கிள் பழகினதைச் சொன்னேனுங்க, அத்தனை பேரும் சிரிச்சாங்க” என்று ஆறுச்சாமியிடம் சொல்வாள். அவர் தலையாட்டிவிட்டு வெளியே போய்விடுவார். எந்தத் தோப்பிலும் அவள் பேசுகிற பக்கம் அவர் வந்ததில்லை. குழாயை இழுத்துக்கொண்டு அடுத்த தோப்புக்குப் போய்விடுவார்.

ஒன்றுதான் அவளை உறுத்தியது. கேட்டு முடித்து எழுந்திருக்கிறபோது ஜனங்கள் சொல்கிற வார்த்தை. “அம்மான்னா இப்படி இருக்கோணும்” என்பார்கள். ரத்தினாக்கா வீட்டுப் படியேறி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்னை மாதிரி ஒரு புள்ளையைப் பாத்துக்கிட்டவ இந்த ஜில்லாவுலயே கெடையாது துளசி” என்றாள். அதைக் கேட்ட அன்றைக்குத் துளசிமணிக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனி மாதம் கதை தீர்ந்துபோனது. பத்தொன்பது வருஷம் அவ்வளவு சீக்கிரம் தீரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. தொட்டிலிலிருந்து தொடங்கி, தோண்டித் தோண்டி, ஒரு நாள் மகள் எதற்கோ தும்மினதைக்கூடச் சொல்லிவிட்டாள், அதற்கு ஒற்றைக் குளவி வந்தது. அப்புறம் இல்லை. ஒரு தோப்பில் வாய்க்கு வந்ததைக் கட்டிச் சொன்னாள், பவதாரணி ராமேசுவரம் போய்க் கடலில் குளித்ததாக. வெறும் காற்றுதான் வந்தது. செத்த பிள்ளையின் பேரில் பொய் சொன்னோமே என்று வழியெல்லாம் வாயில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மிச்சம் இருந்தது தெய்வசிகாமணியின் தோப்பு மட்டும். அந்த முதல் நாலு மரத்துக் குளவி அவ்வளவு பெரிய தோப்புக்குப் போதவில்லை. பெரிய தோப்புக்குக் கடைசியில் நிறையச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள். அது அப்படியே இருந்தால் ஆடிக் காற்றில் ஈ மறுபடி ஊர் முழுக்க இறங்கும்.

“தீந்து போச்சுங்க” என்றாள் துளசிமணி.

தெய்வசிகாமணி நல்ல மனுஷர். “பரவால்ல அம்மிணி, நீயும் எத்தனைதான் சொல்லுவ” என்றார்.

ஹெப்சிபா மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். “ஏதாவது மிச்சம் இருந்தாலும் சொல்லணும்னு இல்லம்மா. இந்த ஈயால மரம் சாகாது. காய் குறையும், அவ்வளவுதான். நான் ஆய்வகத்துல வளர்த்துக் கொண்டு வரேன். ஒரு வருஷம் ஆகும்.”

துளசிமணி முந்தானையை இழுத்துச் செருகினாள். “மரத்துக்காக இல்லீங்க” என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஊர் முழுக்க அந்தத் தோப்பில் கூடியிருந்தது. துளசிமணி நாற்காலி வேண்டாம் என்று நின்றுகொண்டே சொன்னாள்.

“அது ஒரு புதன்கெழமைங்க. களத்துல நார் பொரட்டிட்டு இருந்தேன். பதினோரு மணி இருக்கும். பவி போன் பண்ணுனா. அம்மா, ஒடம்பெல்லாம் வலிக்குது, வந்து கூட்டிட்டுப் போம்மான்னா. ஞாயித்துக்கெழமைதான் லீவு முடிஞ்சு போயிருந்தா. ஒவ்வொருக்கா போறப்பவும் அப்படித்தானுங்க, ரெண்டு நாள் அழுவா, அப்பறம் பழகிக்குவா. அதுதான்னு நெனைச்சேன். எல்லாப் புள்ளைகளும் இருக்கறாங்கல்ல, உனக்கு மட்டும் என்னடி, சனிக்கெழமை வரட்டும் பாக்கலாம்ன்னேன். இல்லம்மா, நெசமாலும் முடியலன்னா. நடிக்காதடின்னேன்.”

நிறுத்தினாள். குளவி வர ஆரம்பித்திருந்தது.

“நடிக்காதடின்னு சொன்னேனுங்க. அவ சரிம்மான்னா. வெச்சுட்டா. மறுநாள் ஆசுபத்திரிக்குக் கொண்டு போனாங்க. நாங்க போறப்போ நெனைவு இல்ல. சனிக்கெழமை போயிட்டா. அவகிட்ட நான் கடைசியாப் பேசுன வார்த்தை அதுதானுங்க.”

அதற்கப்புறம் அவளால் பேச முடியவில்லை, பேச வேண்டியும் இருக்கவில்லை. குளவிகள் அவள் வாயிலிருந்து ஈரவிறகுப் புகைபோலக் கிளம்பி, அடர்ந்து, தலைக்கு மேலே சுழன்று, மட்டைக்கு மட்டை தாவி, தோப்பின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை போய்க்கொண்டே இருந்தன. வெயில் மங்கி நிழல் விழுந்தது. அவள் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. எல்லாம் ஓய்ந்தபோது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ரத்தினாக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. உன் தப்பில்லை என்று சொல்லவும் யாருக்கும் நாக்கு எழவில்லை. ஒவ்வொருத்தராக எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். ஹெப்சிபா மட்டும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவள் குடிக்கிறவரை கூடவே நின்றார்.

ஒரு மாதத்தில் அந்தத் தோப்பும் தெளிந்தது. ஈ ஒரேயடியாக ஒழியவில்லை, ஒழியவும் ஒழியாது என்று டாக்டரம்மா சொன்னார். கொஞ்சம் ஈ இருக்கும், அதைத் தின்னக் கொஞ்சம் குளவி இருக்கும், இரண்டும் இனி இந்த ஊரிலேயே கிடக்கும். மழை பெய்து பூசணத்தைக் கழுவிக்கொண்டு போனது. குருத்து பச்சையாக வந்தது. பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டின தாளின் மேல் வேறு ஏதோ நோட்டீஸ் ஒட்டினார்கள். துளசிமணியைக் கூப்பிட இப்போது யாருக்கும் வேலை இல்லை. குழாயடியில் பெண்கள் அவளுக்கு இடம்விட்டு விலகி நின்றார்கள், முன்னால் எடுத்த ஓட்டம் இல்லை, என்ன பேசுவது என்று தெரியாத கூச்சம். களத்தில் தனியாக நிற்கிறபோது “பவி” என்று சொல்லிப் பார்த்தாள். குரல் மட்டும்தான் வந்தது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது, அவள் சாப்பாடு போட்டு வைத்தாள். ஆறுச்சாமி தட்டைத் தொடவில்லை.

“நீ அங்க சொன்னதை எங்கிட்டச் சொன்னாங்க” என்றார்.

துளசிமணி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றும் நினைத்தாள்.

“உனக்கு முன்னாடி எனக்குத்தான் போன் பண்ணியிருக்கா” என்றார் ஆறுச்சாமி. அவர் மீசையிலிருந்து தூசிபோல ஒன்று கிளம்பியது. “நான் மரத்து மேல இருந்தேன். சட்டையைக் கழட்டி அடிமரத்துல ஒரு ஆணியில மாட்டியிருந்தேன், போன் அதுலதான் இருந்துச்சு. மேல இருந்து கேட்டேன். மூணு தடவை அடிச்சுது. அந்த மரத்தையும் முடிச்சுப்போட்டு, பக்கத்து மரத்தையும் முடிச்சுப்போட்டுத்தான் எறங்குனேன்.”

“யாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? மேல இருக்கறவங்களுக்கு?”

“கூப்பிட்டது அவளோ வேற யாரோ, தெரியாது. ஆனா அடிச்சது அவ கொரல்தான். ஞாயித்துக்கெழமை பஸ் ஸ்டாண்டுல எம்போனை வாங்கி நோண்டிட்டு இருந்தா. அவ கொரலையே பிடிச்சு மணியடிக்கற மாதிரி வெச்சுட்டா.” அவர் வாயிலிருந்து வந்தவை அடுப்படி முழுக்க நிறைந்தன, விளக்கு மாடத்தில் உட்கார்ந்தன, சோற்றின் மேல் உட்கார்ந்தன. “அப்பா, பதறாம மெதுவா எறங்கி வந்து எடுங்கப்பா, அவசரமில்லன்னு இருக்கும் அதுல. அவசரமில்லன்னு அவளே சொல்றாளேன்னு இருந்துட்டேன் துளசி. சாயங்காலம் நான் கூப்பிட்டேன். ஒண்ணுமில்லப்பா, அம்மாகிட்டப் பேசிட்டேன்னா.”

அந்தக் குளவிகளை அவர்கள் எந்தத் தோப்புக்கும் கொண்டுபோகவில்லை, யாரையும் கூப்பிட்டுக் காட்டவும் இல்லை. துளசிமணி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தனக்குத் தெரியாத பவதாரணி ஒருத்தி இத்தனை நாளும் இதே வீட்டில் இருந்திருக்கிறாள் என்பது அவளுக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது.

“அது இன்னும் இருக்குதுங்களா, போன்ல?”

“சத்தத்தை அமத்தி வெச்சிருக்கேன். அன்னையில இருந்து கேக்கல.”

“வெய்யுங்க.”

அவர் பித்தானை அழுத்திச் சத்தத்தைத் திறந்து போனைத் தரையில் வைத்தார். துளசிமணி தன் போனை எடுத்து அவர் எண்ணைப் போட்டாள். சற்று நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் பஸ் ஸ்டாண்டின் இரைச்சலும், ஒரு கண்டக்டர் கத்துகிற சத்தமும், அதற்கு நடுவே சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற பெண் குரலும் வந்தது. அப்பா, பதறாம மெதுவா எறங்கி வந்து எடுங்கப்பா, அவசரமில்ல, நான் இங்கதான் இருக்கேன்.

கடைசி வார்த்தைகளை ஆறுச்சாமி சொல்லியிருக்கவில்லை. குரல் முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இரண்டாவது தடவையும் முடிந்தது. மூன்றாவது தடவை தொடங்கினபோது ஆறுச்சாமி இரண்டு கையாலும் போனை எடுத்து, பச்சையை அழுத்தி, காதில் வைத்தார்.

“எறங்கிட்டேன் சாமி” என்றார்.

எதிரே ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்த துளசிமணி, தன் காதில் இருந்த போனை எடுக்காமலே, “சரிங்கப்பா” என்றாள்.